பதிகத்தால் எழுந்தார் என்று நான் சொன்னது

என் கணவர் முதன்முறை விழுந்தபோது சட்டையின் இரண்டாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். காலையில் வேலைக்குப் புறப்படும் நேரம். டன்லப் தெருவில் ஒரு கடைவீட்டின் மாடியில், பலகை அடித்துப் பிரித்த இரண்டு அறைகளில் நாங்கள் குடியிருந்தோம். ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, பின்னாலிருந்து யாரோ அழைத்ததுபோல் ஒருகணம் நின்றார். பிறகு கால்கள் மடிந்து, சுவரோடு சரிந்து தரையில் கிடந்தார். முகம் நீறு பூசியதுபோல் வெளுத்திருந்தது. மூச்சு இருக்கிறதா என்றுகூட நான் பார்க்கவில்லை, பார்க்கத் தெரியாது. தெரிந்ததைச் செய்தேன். அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பிணி நீங்க ஓதுவது என்று சிறுவயதில் பாடம் பண்ணியிருந்த பதிகத்தைத் தொடங்கினேன்.

முதற்பாட்டின் மூன்றாம் அடி முடிவதற்குள் அவர் கண் திறந்தார். வெளுத்திருந்த முகத்தில் இரத்தம் ஏறிற்று. நெற்றிமுதல் கழுத்துவரை குங்குமம் கரைத்து ஊற்றியதுபோல் சிவந்தது. இறைவனைச் செம்மேனியன் என்று பாடியே வளர்ந்தவள் நான். அந்தச் சிவப்பை வேறு எதுவாக நான் கண்டிருக்க முடியும்?

"என்ன, காலங்காத்தால பாட்டு?" என்றார்.

"நீங்க விழுந்துட்டீங்க."

"நானா?" என்று கேட்டு, எழுந்து, மீதிப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

அவர் மின்சார இலாகாவில் கம்பிக்காரர். தெருவிளக்குகள் அவர் பொறுப்பு. ஏணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் இருவர் அவருக்குக் கீழே இருந்தனர். ஏணியில் ஏறுகிறவர் அவர். மாலையில் சிராங்கூன் சாலையில் நடந்தால் எரிகின்ற விளக்கில் ஒன்றையாவது சுட்டி, "இது நான் பூட்டினது" என்று சொல்லாமல் கடந்து போகமாட்டார்.

அன்று இரவு உணவின்போது நான் சொன்னேன்: "பதிகந்தான் உங்கள எழுப்பிச்சு."

சோறு பிசைந்த கையை நிறுத்தி அவர் என்னைப் பார்த்தார். என்னைப்போல் ஓதி வளர்ந்தவர் அல்லர். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் நாங்கள் கூடிப் பாடும்போது தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். பாதி நேரம் உறக்கம். அத்தகையவர் அன்று, "உண்மையாவா?" என்று இரண்டு முறை கேட்டார். உண்மைதான் என்றேன். எனக்கு அதில் ஐயமே இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளுக்குள் ஒரு பெருமிதமும் இருந்தது. எத்தனையோ பேர் ஓதுகிறார்கள். என் குரலுக்கு இது வாய்த்தது என்று.

அந்த ஓராண்டுக்குள் மேலும் இருமுறை விழுந்தார். இருமுறையும் நான் பாடினேன். இருமுறையும் முதற்பாட்டு முடியுமுன் முகம் சிவந்து எழுந்தார். எங்கள் வீட்டில் இருந்த ஒரே கடிகாரம் அவர் மணிக்கட்டில் இருந்தது. நான் சோறு வேகும் நேரத்தையும் தேக்காச் சந்தைக்குப் போய்வரும் நேரத்தையும் பாட்டாலேயே அளந்து பழகியவள். ஆகவே அவர் எந்த அடியில் எழுந்தார் என்பது எனக்குத் துல்லியமாக நினைவிருந்தது.

உடம்பு வேறு வகையிலும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அதை ஒவ்வொன்றாகத் தவறாகவே படித்தேன். என் சொல்லை நம்பி விரதம் தொடங்கிய நாளில் அவர் கையில் காப்புக் கட்டும்போது என் விரலின்கீழ் நாடி ஒருமுறை தட்டிவிட்டு, அடுத்ததற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டது. மனம் அடங்கியவருக்கு நாடியும் அடங்கும் என்று எண்ணி மகிழ்ந்தேன். கணுக்கால் வீங்கியது; ஏணியில் நின்ற கால் என்றேன். மாடிப்படியில் நடுவில் நின்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சுவாங்கினார். வயது என்றார் அவர். அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. கை எப்போதும் குளிர்ந்திருந்தது. சில வேளைகளில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது கழுத்து நரம்பு திடீரென்று துள்ளி அடங்கும். அதற்கு நான் எந்தக் காரணமும் சொல்லிக்கொள்ளவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான்.

கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய் மட்டும் வேறு மாதிரி பேசினார். நாகூர்ப் பக்கத்துக்காரர், என்னைத் தங்கச்சி என்றுதான் அழைப்பார். மூன்றாம் முறை விழுந்த சத்தம் கேட்டுச் சாவிக்கொத்தோடு மேலே ஓடிவந்து, காக்காய்வலிப்பு என்று நினைத்து அவர் உள்ளங்கையில் இரும்பைத் திணித்தார். அதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

"சாவிய நீங்களே வச்சுக்கிங்க பாய். எனக்கு வீட்டுலயே மருந்து இருக்கு," என்று என் பக்கம் தலையசைத்தார் என் கணவர்.

"பாட்டு நல்ல பாட்டுதான் அண்ணே, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா டாக்டர்ட்டயும் ஒரு தடவ காட்டுங்க லா. அவரு பாடமாட்டாரு, அவ்வளவுதான வித்தியாசம்?"

நான் சிரித்தேன். போகலாம் என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் போயிருப்பார். சொல்லவில்லை.

நான்காம் முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல். முதற்பாட்டு முடிந்தது; அவர் எழவில்லை. இரண்டாம் பாட்டில் கைகால்கள் வெட்டி இழுத்தன. உதடு நீலம் பூத்தது. நான் குரலை உயர்த்தினேன். இரண்டாம் பாட்டும் முடிந்த இடத்தில், மூன்றாம் பாட்டின் முதற்சொல் எனக்கு மறந்துபோயிற்று. நாற்பது ஆண்டுகளாக மறக்காத சொல். வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்த மௌனத்தில் அவர் மூச்சிழுத்துக் கண் விழித்தார். மேலே வந்த பாய் அவரைத் தூக்கி, கடைக்குச் சாமான் ஏற்றும் வேனில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே எங்களைப் பார்த்த மருத்துவர் யாழ்ப்பாணத்தார். நடுவயது, மெலிந்த உருவம். கணவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் சுவரைப் பார்த்து நின்றார். கழுத்து நரம்பையும் பார்த்தார். பிறகு மார்பிலும் கைகால்களிலும் கம்பி வைத்து, கருவியிலிருந்து நீண்டு வந்த தாளைப் படித்தார். என்னிடம் திரும்பினார்.

"எவ்வளவு நேரம் நினைவில்லாமக் கிடந்தவர்?"

"முன்னெல்லாம் முதற்பாட்டு மூணாவது அடி வரைக்கும். இந்தத் தடவ ரெண்டு பாட்டு முடிஞ்சும் எழுந்திரிக்கல."

அவர் பேனாவை மூடினார். "அம்மா, நான் நிமிஷக் கணக்குக் கேட்டனான்."

"எங்கிட்ட மணி இல்லிங்க."

அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "சரி. பாடுங்கோ."

"இங்கயா?"

"வேறை எங்கை? அண்டைக்குப் பாடின வேகத்திலை பாடவேணும். மெதுவாப் பாடி அவரைக் கூட நேரம் கிடத்திப் போடாதேங்கோ."

ஆண்கள் வார்டு. இருபுறமும் கட்டில்கள். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாடினேன். அடுத்த கட்டிலில் படுத்திருந்த சீனக் கிழவர் எழுந்து உட்கார்ந்தார். எதிர்க்கட்டிலிலிருந்து ஒருவர், "இன்னொண்ணு பாடச் சொல்லுங்க டாக்டர், சோறு வர்ற வரைக்கும்," என்றார். மருத்துவர் சிரிக்கவில்லை. மூன்றாம் அடியில் கையை உயர்த்தினார்.

"பதினெட்டு விநாடி. ரெண்டு பாட்டெண்டால் ஒரு நிமிஷத்துக்குக் கிட்ட. அவ்வளவு நேரமும் இவருக்கு இதயம் அடிக்கேல்லை, அம்மா."

பிறகு அவர் சொன்னவற்றை அன்று முழுதும் புரிந்துகொள்ளவில்லை, புரிந்தது இவ்வளவு. இதயத்தில் மேலறைகளும் கீழறைகளும் உண்டு. மேலிருந்து கட்டளை இறங்கும். கீழறை அதைக் கேட்டு அடித்து உடம்பெங்கும் இரத்தத்தை அனுப்பும். இவருக்கு அந்தக் கட்டளை இறங்கும் வழி அடைபட்டுவிட்டது. எல்லாரும் இரத்தக்குழாய் அடைப்பு என்றே நினைப்பார்கள், இது வேறு. மேலறை தன் வேகத்தில் அடிக்கிறது. கீழறை அதைக் கேளாமல், தனக்குத் தெரிந்த மந்தகதியில் நிமிடத்துக்கு முப்பத்திரண்டு முறை அடிக்கிறது. உடம்புக்கு அது போதவில்லை. ஆகவேதான் கால் வீங்குகிறது, படியேற மூச்சு முட்டுகிறது, கை சில்லிடுகிறது. இரண்டு அறைகளும் எப்போதாவது ஒரே நொடியில் அடித்துவிட்டால் மேலறையின் இரத்தம் போக வழியின்றித் திரும்பி, கழுத்து நரம்பைத் துள்ள வைக்கிறது.

"சில நேரம் கீழறையும் கொஞ்சம் நிண்டு போகும். நிண்டால் மூளைக்கு இரத்தம் இல்லை, ஆள் விழும். பிறகு அது தானா அடிக்கத் தொடங்கும். காத்துக்கிடந்த நாளங்களுக்குள்ளை இரத்தம் ஒரேயடியாப் பாயும். முகம் சிவக்கும். பாத்திருப்பியள்."

"பாத்திருக்கேன்," என்றேன். "தானாவா அடிக்கத் தொடங்கும்?"

"தானாத்தான். ஒரு நாளைக்குத் தொடங்காமலும் விடும்."

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஓராண்டாக ஏன் வரவில்லை என்று கேட்கவுமில்லை. வெளிநாட்டுப் பெரிய நகரங்களில் நெஞ்சுக்குள் மின்கருவி வைத்துப் பார்க்கிறார்கள் என்றும், இங்கே இப்போதைக்கு மாத்திரைதான் என்றும் சொன்னார். நாக்கின் அடியில் வைத்துக் கரையவிடும் மாத்திரை. வைத்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இனி விழுந்தால் என்ன செய்வது என்றும் காட்டினார். கழுத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். துடிப்பு இல்லையெனில் கையைப் பொத்தி, நெஞ்செலும்பின்மேல் ஓங்கிக் குத்த வேண்டும். என் கையைப் பிடித்து இடத்தைத் தொட்டுக் காட்டினார். நான் கையை இழுத்துக்கொண்டேன். கணவன் நெஞ்சில் குத்தும் பெண்ணை நான் எந்தக் கதையிலும் கேட்டதில்லை.

"பாடாமல் இருக்கச் சொல்லேல்லை, அம்மா. முதல் குத்துங்கோ. பிறகு பாடுங்கோ."

பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். நலம் விசாரிக்க வந்த பாயிடம் என் கணவர் தம் நோயைத் தம் தொழில் மொழியிலேயே விளக்கினார்.

"மெயின் சுவிட்ச் சரியாத்தான் இருக்கு பாய். நடுவுல வயர் போயிடுச்சி. கீழ ஒரு சின்ன டைனமோ இருக்காம், அது தன்னால ஓடிக்கிட்டிருக்கு. வெளிச்சம் மங்கல். அப்பப்ப அணையும்."

"அப்ப நீங்களே ரிப்பேர் பண்ணிக்க வேண்டியதுதான? இலாகாக்காரரு."

"உள்ள ஏறிப் பாக்க ஏணி இல்லியே."

இருவரும் சிரித்தார்கள். எனக்கு ஏணி என்ற சொல் சிரிப்பை வரவழைக்கவில்லை. மருத்துவர் ஒட்டிய உறையில் இலாகாவுக்கு ஒரு கடிதம் கொடுத்திருந்தார்: இவருக்குத் தரையில் நின்று செய்யும் வேலை மட்டுமே தரவேண்டும் என்று. அந்த உறை சுவாமி படத்துக்குப் பின்னால் செருகப்பட்டிருந்ததை ஒரு வாரம் கழித்துக் கண்டேன். பத்து நாள் வராததற்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குத் திரும்பி, வழக்கம்போல் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார்.

"கடுதாசிய ஏன் குடுக்கல?"

"குடுத்தா ஸ்டோர்ல உக்கார வச்சு பல்பு எண்ணச் சொல்லுவான். தரையில நிக்கிறவன் கம்பிக்காரனா?"

"மேல இருக்கும்போது நின்னு போச்சுன்னா?"

"நின்னா நீதான் எழுப்பப் போற. நாலு தடவ எழுப்பலியா?"

"நான் அங்கயா இருக்கேன்?"

"வீட்டுல இருந்து பாடு. கேக்கும்." விளையாட்டாகத்தான் சொல்கிறார் என்று பார்த்தேன். விளையாட்டு இல்லை. "எட்டு மணிக்கு மேல ஏறுவேன். கீழ பாய் கடையில ரேடியோ செய்தி வைக்கும்போது நீ தொடங்கிடு."

தூணில் சாய்ந்து உறங்கிய மனிதரை நானல்லவா நம்பவைத்தேன்? என் நம்பிக்கையில் விரிசல் விழுந்திருந்த அந்த நாளில் அவருடையது பாறையாக நின்றது. அதன்மேல் ஏணியைச் சாய்த்து அவர் ஏறிக்கொண்டிருந்தார்.

காலைதோறும் கீழே வானொலி செய்தி தொடங்கியதும் நான் பாடத் தொடங்குவேன். அதுவரை ஓதுதல் எனக்குக் குளிர்நிழலாக இருந்தது. அந்த மாதங்களில் ஒவ்வோர் அடியையும் எங்கோ ஒரு கம்பத்தின் உச்சியில் நிற்கும் கால்களை எண்ணியே பாடினேன். பாடாமல் விடவும் அச்சம். நானே போய் இலாகாவில் சொல்லிவிடலாமா என்று பலநாள் நினைத்தேன்; மனைவி வந்து கோள் சொன்னாள் என்று அவரிடம் வேலை செய்யும் இருவர் பேசும்படி ஆக்க மனம் வரவில்லை. பாயும் சொல்லிப் பார்த்தார். "எங்க மார்க்கத்துலயும் ஒட்டகத்த கட்டிப்போட்டுட்டுத்தான் அல்லாட்ட ஒப்படைக்கச் சொல்லியிருக்கு அண்ணே," என்றார். என் கணவர், "எங்கிட்ட ஒட்டகம் இல்ல பாய்," என்று பேச்சை முடித்துவிட்டார்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு பிற்பகல், வேலை முடிந்து வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தவர் துண்டோடு சரிந்தார். நான் மண்டியிட்டேன். என் வாய் என்னைக் கேளாமலே பாட்டைத் தொடங்கிவிட்டது. முதலடியைப் பாடியபடியே கழுத்தைத் தொட்டேன். விரலின்கீழ் எதுவும் இல்லை. அடி முடிந்தது. இல்லை. அப்போது நான் பாட்டை நிறுத்தினேன். பொத்திய கையை ஓங்கி அவர் நெஞ்சின் நடுவில் குத்தினேன். மெல்லத்தான் பட்டது. இன்னொரு முறை. மூன்றாவது முறை, அம்மியில் தேங்காய் உடைக்கும் வேகத்தோடு. விரலின்கீழ் ஒரு துடிப்பு வந்தது. நெடுநேரம் கழித்து மற்றொன்று. முகம் சிவந்தது. அந்தச் சிவப்பை இம்முறை இரத்தம் என்று அறிந்தே பார்த்தேன்.

சற்றுநேரம் கழித்து அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "இங்க ஏன் வலிக்குது?" என்றார். பின்னர், "பாடினியா?" என்றார்.

மறுநாள் காலை அவர் ஏணியில் நிற்பாரா தரையில் நிற்பாரா என்பது அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் விடையில் அடங்கியிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"பாடல. குத்தினேன்."

"என்னையா?"

"டாக்டர் சொல்லிக் குடுத்தாரு. மூணு தடவ. அதுலதான் வந்துச்சு."

"பாடவே இல்லியா?"

"இல்ல."

"மத்த தடவல்லாம்?"

"மத்த தடவல்லாம் அது தானா நின்னு தானா ஓடிச்சு. நான் பக்கத்துல உக்காந்து பாடிக்கிட்டிருந்தேன். அவ்வளவுதான்."

அவர் துண்டை எடுத்து மீதி ஈரத்தைத் துடைத்தார். "எங்கிட்ட நீதானே சொன்ன," என்றார். கோபம் இல்லை. நான் சொன்னது தப்பு என்றேன்.

நான் பாடிய அந்த ஓரடியை மறைத்தேன். பாட்டால் அவர் எழுந்தாரா, குத்தியதால் எழுந்தாரா, இரண்டும் இல்லாமலே எழுந்திருப்பாரா என்பது எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக முதலில் ஒரு பக்கம் சொன்னேன்; பின்னர் மறுபக்கம் சொன்னேன். முதலாவதை நம்பிச் சொன்னேன், அது அவரைக் கொல்லப் பார்த்தது. இரண்டாவதை நம்பாமலே சொன்னேன். வாழ்நாளெல்லாம் எதை ஓதினேனோ அதற்கு ஆற்றல் இல்லையென்று என் வாயாலேயே சொன்னேன். இதற்கு என்ன கழுவாய் என்று எந்த அடியாரிடமும் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

மறுநாள் காலை அவர் சுவாமி படத்தின் பின்னாலிருந்து உறையை எடுத்து, மேல் தூசியை ஊதிவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மாலையில் வந்து, "திங்கக்கிழமையிலேருந்து ஸ்டோர்," என்றார். அதற்குப்பின் நான்காண்டுகள் அவர் உயிரோடு இருந்தார். அந்த நான்காண்டில் மேலும் பலமுறை விழுந்தார், எல்லாமே தரையில்தான்.

அவர் கடிதத்தைக் கொடுத்த வாரத்து வெள்ளிக்கிழமை இருவரும் கோயிலுக்குப் போனோம். அவர் வழக்கமான தூணருகே அமர்ந்தார். பெண்கள் ஒவ்வொருவராகப் பாடி, என் முறை வந்தது. நான் பதிகத்தை எடுத்ததும் அவர் தூணைப் பற்றிக்கொண்டு மெல்ல எழுந்து வெளியே போனார். சிறுநீர் கழிக்கப் போகிறார் என்று எண்ணினேன். முடித்துவிட்டு வெளியே வந்தபோது செருப்புப் போட்டுக்கொண்டு சாலையோரத்தில் நின்றிருந்தார். அடுத்த வெள்ளியும் அப்படியே. பிறர் பாடும்போதெல்லாம் இருப்பார். நான் தொடங்கினால் எழுந்துவிடுவார். பாட்டு எழுப்பவில்லை என்று அவரிடம் சொன்னவள் நானே; இருந்து கேளுங்கள் என்று எப்படிச் சொல்வேன்? நான் பத்துப் பாட்டையும் விடாமல் பாடி முடித்துவிட்டுத்தான் வெளியே வருவேன். என்னைக் கண்டதும் அவர் நடக்கத் தொடங்குவார். அவரால் வேகமாக நடக்க முடியாது. ஆகவே நானும் மெதுவாகவே நடப்பேன்.